பிள்ளை என்னுஞ் சிறப்புப்பெயர்

மக்களின் இயற்பெயரோடு ஈற்றில் இயைந்து வழங்குஞ் சிறப்புப்பெயர்கள் தமிழ்நாட்டிற் பலவாம். அவற்றுட் பெரும்பாலன பெருமையும் தலைமையும் உணர்த்துவன. முதலியார் என்பது முதன்மை பற்றியது. நாயகர் என்பது தலைமை பற்றியது. ஐயர் என்பது உயர்ந்தோர் என்னும் பொருட்டு. இவற்றிடையே ஒரு பெயர் மாத்திரம் தன்னை உடையானைச் சிறியன் என்று சொல்லி நிற்கின்றது. அதுவே பிள்ளை என்பது. பேரன் பேத்தியரை எடுத்த முதியோரும், அறிவாற் சிறந்து அவைக்களத்துத் தலைமை தாங்கிய புலவரும், 'பிள்ளையவர்கள்' என்றே அழைக்கப்பெற்றனர். இளமைப்பெயர் பெருமைப்பெயராயது எங்ஙனம், அஃது எவ்வெவர்க்கு உரித்தாய் நின்றது, அதனாற் சைவர்க்கு உணரக் கிடக்கும் பொருள் யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சி இன்றியமையாதது ஏனெனின், இப்பெயர் பற்றி இருவேறு கருத்துக்கள் நிலவுதலானென்க. பிள்ளை என்பது ஒரு குலத்தார்க்கே பிறப்புரிமையாய் வந்ததெனக் கொண்டு, அதனால் தம்மை உயர்த்துப் பிறரைத் தாழ்த்துவார் ஒரு சாரார். அது சாதிச்செருக்கின் சின்னமேயன்றி வேறன்றெனக் கருதி, அதனை அறவே வெறுத்தொதுக்குவார் மற்றொரு சாரார். இருசாராரும் அச்சொல்லின் வரலாற்றை நோக்கினாரல்லர்.

முதற்கண், சொல்லின் பழமை. தொல்காப்பியர் மரபியலில் இளமைப்பெயர்கள் ஒன்பது கூறினார். அவற்றுட் பிள்ளை என்பதும் ஒன்று. பறப்பவற்றின் இளமைக்கும், ஊர்ந்தும் தவழ்ந்தும் செல்வனவற்றின் இளமைக்கும் அதனை உரியதாக்கினார். ஓரறிவுயிராகிய மரஞ்செடிகட்கும் அது பொருந்தும் என்றார். மக்களின் இளமைக்கோ குழவி, மகவு என்னும் இரண்டுமே உரியவென வரையறுத்தார். ஆகவே, பழைய மரபிற் பிள்ளை என்பது கிளிக்கும் கீரிக்கும் தென்னைக்கும் உரிய சொல்லாயிருந்ததேயன்றி மக்கட்கு உரியதாக ஓதப்பட்டிலது. இன்றும் கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை என உலகவழக்கில் வருவன அப்பழைய மரபின் எச்சங்களேயாம். யாதொரு குலத்தாரும் உரிமை கொண்டாடுதற்கு முன்னரே இச்சொல்லை உடையனவாயிருந்தவை அணிலும் தென்னையும் என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

அற்றேல், தொல்காப்பியத்திலேயே புறத்திணையியலிற் பிள்ளைநிலை, பிள்ளையாட்டு என்னுந் துறைகள் மக்களைப் பற்றி வந்தனவாலோ எனின், அஃதொக்கும். ஆண்டு அச்சொல் போர்க்களம் புக்க இளைய வீரனைச் சுட்டிற்று. இளமையோடு ஆண்மையும் சேர்ந்தவிடத்து மக்கட்கும் அச்சொல் சென்று பொருந்தினமை இதனாற் புலனாம். பின்னர்க் குழவி என்னும் பொருளிலும், மகன் அல்லது மகள் என்னும் பொருளிலும் அது பெருவழக்காயிற்று. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை எனப் பால்பிரித்து வழங்குதலை நோக்கின், அஃது இருபாற்கும் பொதுவாயினமை தெளிவாம். யாழ்ப்பாணத்தில் அன்னப்பிள்ளை, சின்னப்பிள்ளை என மகளிர்க்குப் பெயரிட்டு வழங்கிய மரபும் இதனை வலியுறுத்தும். மலையாளத்தில் இச்சொல் இன்றும் குழந்தையையே குறிக்கும்.

இனி, இளமைப்பெயர் சிறப்புப்பெயராயின வாயில்கள் இரண்டு. ஒன்று திருக்கோயில், மற்றொன்று அரண்மனை.

திருக்கோயில் வாயில் வருமாறு. அம்மையப்பராகிய முழுமுதற் கடவுளுக்கு விநாயகப்பெருமானும் முருகப்பெருமானும் திருமக்களாதலின், அவர்கள் முறையே மூத்த பிள்ளையார் எனவும் இளைய பிள்ளையார் எனவும் வழங்கப்பெற்றனர். பதினொராந் திருமுறையில் அதிராவடிகள் அருளிய நூல் மூத்த பிள்ளையார் திருமும்மணிக்கோவை எனப் பெயர் பெற்றுள்ளது. முதல் இராசராசசோழன் (985–1014) தஞ்சையில் எடுப்பித்த பெருங்கோயிற் கல்வெட்டுக்களில், பரிவார ஆலயத்துப் பிள்ளையார் கணபதியார் என விநாயகர் குறிக்கப்பெறுகின்றார். பிற்காலத்தில் அடையொன்றுமின்றிப் பிள்ளையார் என்ற அளவிலேயே விநாயகரை உணர்த்தும் ஆற்றல் அச்சொற்கு உண்டாயிற்று. மகன்மை ஒன்றனையே கூறுமொரு சொல், மகனைக் கூறிய அளவில் தந்தையின் பெருமையையும் உடன் நினைப்பித்தலான் உயர்வு பெற்றது என்க.

அரண்மனை வாயிலும் இத்தகையதே. சோழர் கல்வெட்டுக்களில் அரசன் மக்கள் 'பிள்ளையார்' என்னும் அடையோடு குறிக்கப்பெறுதல் காணலாம். அரசனுக்கு மகன் என்பதே ஆண்டுப் பெருமை. வடநாட்டில் அரசன் மகன் என்னும் பொருளுடைய ராஜபுத்திர என்னுஞ் சொல், நாளடைவில் ராஜபுத் எனத் திரிந்து ஒரு பெருங்கூட்டத்தார்க்குப் பெயராய் நின்றமையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அரசன் மக்கட்கு வழங்கிய சொல், பின்னர் அரசனால் மகனைப் போல மதிக்கப்பெற்ற அதிகாரிகட்கும் பட்டமாதல் இயல்பேயன்றோ.

இவ்விரு வாயில்களும் ஒன்றுகூடிய இடம் சீகாழியாம். திருஞானசம்பந்த மூர்த்தி நாயனாரை ஆளுடைய பிள்ளையார் என்பது சைவ மரபு. நம்பியாண்டார் நம்பிகள் அவர்மீது அருளிய நூல்கள் ஆறும் அத்திருப்பெயரையே தலைப்பிற் கொண்டன. சேக்கிழார் பெருமானும் பெரியபுராணத்துள் நாவுக்கரசரை அரசு என்றும், ஆரூரரை நம்பி என்றும், சம்பந்தரைப் பிள்ளையார் என்றுமே பெரிதும் எடுத்தோதினார். சம்பந்தரோ தம்மைத் தாமே பிள்ளையார் எனக் கூறிக்கொண்டாரல்லர். திருக்கடைக்காப்புக்களில் காழி ஞானசம்பந்தர் என ஊரொடு சார்த்தியே தம்மைக் குறித்தார். பிள்ளையார் என்பது உலகம் அவர்க்கு அன்பினால் இட்ட பெயர். தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் பெயராக அஃது அந்நாளில் நின்றிலது.

ஈண்டு ஊன்றி நோக்கற்பாலதொன்று உண்டு. பிள்ளை என்பது முறைப்பெயர். முறைப்பெயராவது பிறிதொருவரை அவாவி நிற்பது. ஒருவன் தனித்து நின்று அரசனாகலாம், புலவனாகலாம், செல்வனாகலாம். தனித்து நின்று பிள்ளையாதல் இயலாது. 'யாருடைய பிள்ளை?' என்னும் வினா அச்சொல்லின் உள்ளேயே கிடக்கின்றது. சீகாழித் தீர்த்தக்கரையில் எழுந்த வினாவும் அதனோடு ஒத்ததே. கடைவாயிற் பால்வழிய நின்ற மூன்றாண்டு மதலையை நோக்கிச் சிவபாதவிருதயர் கோல்கொண்டோச்சி, 'பாலடிசில் தந்தவர் யார்?' எனச் சினந்து வினவினார். மதலை விடையாகத் தோணிபுரத்திறைவரைச் சுட்டிக் காட்டிற்று. பெற்ற தந்தை எதிரே நிற்கவும் உண்மைத் தந்தையைச் சுட்டிய அவ்விரலே, ஆளுடைய பிள்ளையார் என்னும் பெயர்க்கு உரையாய் அமைந்தது.

இனி, இப்பெயர் ஒரு குலத்தார்க்கே உரிய பிறப்புரிமை என்பார் கூற்று ஆராயப்படும். அறுபான்மும்மை நாயன்மாருள் வேளாண் மரபினர் பலர். திருநாவுக்கரசரின் தந்தையார் புகழனார், தாயார் மாதினியார், தமக்கையார் திலகவதியார், பெற்றோர் அவர்க்கிட்ட பெயர் மருணீக்கியார். இளையான்குடி மாறனார், அரிவாட்டாயர், சாக்கியர் ஆகியோரும் அம்மரபினரே. இவருள் ஒருவரேனும் பிள்ளை என்னும் ஈற்றுப்பெயரொடு சேக்கிழாராற் கூறப்பட்டிலர். வேளாண் மரபிற் றோன்றிய சேக்கிழார் தாமும் அருண்மொழித்தேவர் என்னும் பெயரும், உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டமும் உடையராயினரேயன்றிப் பிள்ளை எனப்பட்டிலர். அடியார் திருக்கூட்டத்தில் அச்சொல்லாற் சிறந்து விளங்கியவரோ கவுணியர் குலத்து அந்தணராகிய சம்பந்தர். எனவே, பெரியபுராணத்தைக் கையிற் கொண்டு இப்பெயர்க்குக் குலவுரிமை நாட்டப் புகுவார்க்கு அந்நூலே மறுப்பாய் நிற்கும்.

வைணவ மரபும் இதனையே காட்டும். பன்னிரண்டு பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் விளங்கிய நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை, வடக்குத் திருவீதிப் பிள்ளை, பிள்ளை லோகாசாரியர் என்போர் அந்தண மரபினர். இராமாநுசர்க்கு அணுக்கராய மல்லர் ஒருவரும் பிள்ளை உறங்காவில்லி தாசர் எனப்பட்டார். ஆசாரியனுக்கு அன்பினால் மகனாயினார் என்பதே இங்குப் பொருள். பிறப்புப் பற்றிய நோக்கம் சிறிதும் இல்லை.

பின்னர் ஆட்சிமுறையும் கணக்கும் இப்பெயரைப் பரப்பின. ஊர்க்கணக்கும் கோயிற்கணக்கும் எழுதுவார் கணக்கப்பிள்ளை எனப்பட்டனர். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஏடுகளிலும் இச்சொல் 'கானிகோப்பொலி' என உருத்திரிந்து இடம்பெற்றது. எழுத்தறிவும் நாணயமும் வாய்ந்தார்க்கு உரிய மதிப்புப்பெயராய் அது நின்ற காலம் அது. புதுச்சேரியிற் பிரெஞ்சுக்காரர்க்குத் துவிபாஷியாய் விளங்கி, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) யாதவ குலத்தினர். கணக்குத் தொழிலிற் பரம்பரையாய் நின்ற கருணீகர் பலரும் இப்பெயரை உடையர். நாகசுரம், நட்டுவாங்கம் முதலிய கலைகளாற் கோயிற்பணி புரிந்த இசைவேளாளர் மரபில் திருமருகல் நடேச பிள்ளை, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை முதலியோர் புகழ்பெற்றனர்.

மறுபுறம், வேளாளர் எல்லாரும் இப்பெயரை உடையரோ எனின், அன்று. தொண்டைமண்டல வேளாளர் முதலியார் எனப்பட்டனர். கொங்கு வேளாளர் கவுண்டர் எனப்பட்டனர். சோழநாட்டிலும் பாண்டிநாட்டிலும் நாஞ்சில்நாட்டிலுமே வேளாண் மரபினர் மிகப் பலராய்ப் பிள்ளை என்னும் பெயரைக் கொண்டனர். வேளாளருட் பிள்ளையல்லாதாரும் உளர், பிள்ளைகளுள் வேளாளரல்லாதாரும் உளர் என்றாகவே, குலமும் பெயரும் ஒன்றெனல் அளவைக்கு ஒவ்வாது.

மலைநாட்டில் வரலாறு வேறொரு வகையாய்ச் சென்றது. திருவாங்கூர் மன்னர், தம் பணியில் நின்ற நாயர் குடியினர் பலர்க்குப் பிள்ளை என்பதைப் பட்டமாக அளித்தனர். மார்த்தாண்டவர்மர் (1729–1758) அரியணை ஏறுங்கால் அவரை எதிர்த்து நின்ற எட்டுவீட்டிற் பிள்ளைமார் கதை அந்நாட்டிற் பெரிதும் வழங்குவது. அக்கதையை வைத்து 1891-இல் மார்த்தாண்டவர்மா என்னும் நாவலை வெளியிட்டவரும் இராமன் பிள்ளை என்னும் பெயரினரே. நாஞ்சில்நாட்டு வேளாளரிடத்தோ ஒரு வியப்பு நிகழ்ந்தது. அவர்கள் பெயராற் பிள்ளைகள். ஆயின் மருமக்கள்வழி மரபினால், தந்தையின் உடைமை பிள்ளைக்குச் செல்லாது மருமகனுக்குச் சென்றது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) இக்கேட்டினை நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம் என்னும் நூலால் எள்ளி நகையாடினார். 1926-ஆம் ஆண்டிற் றிருவாங்கூர் அரசு இயற்றிய சட்டத்தினால் மக்கட்கு உரிமை கிடைத்தது. மகன் என்னும் பெயரிருந்தும் மகனுக்குரிய உரிமை இல்லாதிருந்த நிலை, பின்னர்க் கூறப்படும் ஓர் உண்மைக்கு உவமையாகத்தக்கது.

சைவத்திற்கும் தமிழிற்கும் இப்பெயரினர் ஆற்றிய தொண்டு பெரிது. திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவானாய் விளங்கிய திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) சேக்கிழார் பிள்ளைத்தமிழ் உள்ளிட்ட பிள்ளைத்தமிழ் நூல்கள் பல இயற்றினார்கள். யாழ்ப்பாணத்து நல்லூரிற் றோன்றிய ஆறுமுகம்பிள்ளை, 1849-இல் திருவாவடுதுறையில் நாவலர் என்னும் பட்டம் பெற்றார். உலகம் அவரை அப்பட்டத்தாலேயே அறிகின்றது. சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை (1832–1901) ஏடுகளில் மறைந்து கிடந்த தமிழ்நூல்களை அச்சேற்றினார். மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை (1855–1897) திருஞானசம்பந்தரின் காலம் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டதன்றென ஆராய்ந்து நிறுவினார். நல்லசாமிப் பிள்ளை (1864–1920) சித்தாந்த சாத்திரங்களை ஆங்கிலத்திற் பெயர்த்துப் பிறநாட்டினரும் அறியச் செய்தார். சமயம் மாறியபோதும் பெயர் மாறாது நின்றமைக்குக் கிறித்தவராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் (1826–1889), இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருட்டிண பிள்ளையும் (1827–1900) சான்றாவர்.

கடல் கடந்த நாடுகளிலும் இப்பெயர் சென்று பரவிற்று. 1819-இல் சிங்கப்பூர் சென்ற நாராயண பிள்ளை அங்கு மாரியம்மன் கோயில் நிறுவுதற்குக் காரணராயினார். மலாயாவிற் பத்துமலை முருகன் வழிபாட்டிற்கு அடிகோலியவர் தம்புசாமிப் பிள்ளை. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாய்த் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டிற்குச் சென்ற தமிழரிடையே இது 'பிள்ளே' எனத் திரிந்து குடிப்பெயராய் நிலைத்தது. ஊரில் எம்மரபினராயிருந்தாரும் கடலுக்கப்பால் இதனை ஏற்றுத் தம் மக்கட்கு வைத்தனர். அந்நாட்டு வழிவந்த நவநீதம் பிள்ளை என்னும் அம்மையார் 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை ஆணையராய் விளங்கினார். குலங்களைப் பகுத்துக் காட்டுதற்கென ஒரு காலத்து வைத்துக்கொள்ளப்பட்ட பெயர், கடல் கடந்தவழிக் குலவேற்றுமையை மறைக்கும் போர்வையாயினமை காண்க.

தாய்நாட்டிலோ இருபதாம் நூற்றாண்டில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப்பெயர்களைக் களைதல் வேண்டுமெனத் தீர்மானித்தது. காலப்போக்கிற் றமிழ்நாட்டிற் பலரும் தம் பெயரீற்றில் இதனை எழுதாது விட்டனர். சிதம்பரம் பிள்ளை சிதம்பரனார் ஆயினார். சைவ ஆதீனங்களிலோ இது புதிய செய்தியன்று. துறவு மேற்கொள்ளும்பொழுதே பூர்வாசிரமப் பெயரும் அதன் ஈறும் நீங்கித் தீட்சாநாமம் சூட்டப்பெறுதல் மடங்களின் தொன்றுதொட்ட முறை. நேற்றுப் பிள்ளையாயிருந்தவர் இன்று தம்பிரானாவர். ஆகலின், பெயரீற்றை விடுதல் சமயத்திற்கு இழுக்காமெனச் சைவர் அஞ்சவேண்டுவதில்லை. அதனை வைத்திருப்பதனாலேயே சைவம் வளர்ந்துவிடும் என இறுமாக்கவும் வேண்டுவதில்லை.

எதிர்ப்பு எழுந்தமைக்குக் காரணமும் மறைக்கற்பாலதன்று. பிள்ளை என்னும் பெயரை உடையார் சிலர், பிள்ளையாரின் செயலை உடையராயிலர். திருக்கோயில் தந்தையின் இல்லம். அவ்வில்லத்தின் வாயிலில் நின்று, முன்வந்த மக்கள் பின்வந்த மக்களைப் புகாதே எனத் தடுத்த கொடுமை நெடுங்காலம் நிகழ்ந்தது. திருவாங்கூரில் 1936 நவம்பர் 12-ஆம் நாளும், மதுரைத் திருக்கோயிலில் 1939 ஜூலை 8-ஆம் நாளுமே அக்கதவுகள் எல்லார்க்கும் திறந்தன. தந்தையின் உடைமையில் உரிமையற்றிருந்த நாஞ்சில்நாட்டு மக்களினும், தந்தையின் இல்லத்துட் புகவும் உரிமையற்றிருந்தாரின் துயரம் பெரிதன்றோ.

ஆளுடைய பிள்ளையார் செய்தது யாது? பாணர் குலத்தவராகிய திருநீலகண்ட யாழ்ப்பாணரையும், அவர்தம் இல்லக்கிழத்தியார் மதங்கசூளாமணியாரையும் தம்முடனேயே அழைத்துச் சென்றார். சாத்தமங்கையில் அந்தணராகிய திருநீலநக்கர் மனையில் ஓரிரவு தங்கியபொழுது, பாணர்க்கும் அவர் மனைவியார்க்கும் இடந்தருக என நீலநக்கரிடம் கூறினார். நீலநக்கர் தம் மனை நடுவே, வேள்வித்தீ வளரும் வேதியின் அருகே அவர்கட்கு இடங்கொடுத்தார். தீ தூய்மை கெட்டு அவியவில்லை. வலஞ்சுழித்து மேலோங்கி எழுந்தது எனச் சேக்கிழார் பெருமான் அருளினார். பிள்ளை என்னும் பெயரின் இலக்கணத்தை அறியவேண்டுவார் அவ்வேள்விக்குழியின் அருகே சென்று அறிக.

இப்பெயரின் சமயப்பொருள் சித்தாந்த சாத்திரங்களில் விளக்கமாய்க் கிடக்கின்றது. சிவஞான சித்தியார் சாதனநெறி நான்கு கூறும். அவை தாதமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என்பன. அவற்றுட் சற்புத்திரமார்க்கமாவது நன்மகனாய் நின்று வழிபடுதல். கிரியை எனப்படுவதும் அதுவே. அதன் பயன் இறைவனுக்கு அணுக்கராதலாகிய சாமீபம். அதற்குத் திருஞானசம்பந்தரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் மரபு. ஆகவே, பிள்ளை எனப் பெயர் வைத்துக்கொண்டார் யாவரும் அறிந்தோ அறியாமலோ சற்புத்திரமார்க்கத்தைத் தம் பெயரில் எழுதிக்கொண்டவராவர். தந்தையை வழிபடாதவன் மகன் என்னும் பெயர்க்கு உரியனாகான். தந்தையின் பிற மக்களை உடன்பிறந்தாராகக் கருதாதவனும் அத்தகையனே.

இதனினும் நுண்ணியது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரப் பொருள். அரசன் மகனொருவன் வேடரிடையே வளர்ந்து, தன்னை வேடனென்றே எண்ணி அயர்ந்திருக்கின்றான். ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்த உயிரின் நிலையும் அதுவே. இறைவன் குருவடிவாய் எழுந்தருளி, 'நீ இவர் இனத்தவனல்லை. என் இனத்தவன்' என உணர்த்த, உயிர் வேடரை விட்டுத் தந்தையின் திருவடியை அடைகின்றது. கல்வெட்டிற் பிள்ளையார் எனப்பட்டவன் அரசிளங்குமரன். மெய்கண்டதேவர் கருத்தின்படி அவ்வரசிளங்குமரன் உயிரே. ஒரு குலத்துயிர் மாத்திரமன்று, எல்லாவுயிருமென்க. சைவமரபின்படி இளம்பருவத்திலேயே மெய்யுணர்ந்து, மூத்தோராகிய அருணந்தி சிவாசாரியர்க்கு ஆசிரியராயினவர் இதனை அருளிச்செய்தமையும் பொருத்தமுடைத்து.

குலப்பெயராகக் கொள்ளுங்கால் பிள்ளை என்பது வேடர் இட்ட பெயர். அது நம்மவர், அயலார் எனப் பிரிக்கும். முறைப்பெயராகக் கொள்ளுங்கால் அது தந்தை இட்ட பெயர். அது யாவரையும் ஒரு குடியாக்கும். ஈற்றில் அதனை எழுதுவார் எழுதுக, விடுவார் விடுக. 'யாருடைய பிள்ளை?' என்னும் வினா இருவர்க்கும் ஒன்றே. சீகாழிக் குளக்கரையில் எழுந்த பிஞ்சுவிரல் அவ்வினாவிற்கு விடைகாட்டி நிற்கின்றது.

திருச்சிற்றம்பலம்.